எங்களுக்கு முன்னே கிளம்பிய பை

மதுரையிலிருந்து ஆக்லாந்துக்கு விமான தூரம் பதினோராயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினாலரை மணி. இதை நான் சொல்லவில்லை. இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் நடுவே ஒரு கோடு இழுத்துக் காட்டும் இணையதளம் ஒன்று சொன்னது. அதை அப்படியே நம்பி, "காலையில இட்லி சாப்பிட்டுக் கெளம்புனா ராத்திரிச் சாப்பாடு மக வீட்டுல" என்று ராஜபாளையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நியூசிலாந்தில் இருக்கும் மகள் மீனா போனில் சிரித்தாள். "அது நேரா ஒரு கோடு போட்டு வேகத்தால வகுத்துச் சொல்லுது ப்பா. நேரா வர்ற பிளேனே கெடையாது. சிங்கப்பூர்ல ஒரு பகல் காத்துக் கெடக்கணும். உங்க வாசல்ல இருந்து என் வாசலுக்கு ரெண்டு நாள் வச்சுக்கோங்க."

இருந்தாலும் அந்த இணையதளம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பேண்டேஜ் துணி நெய்யும் சின்னத் தறிக்கூடம் ஒன்று வைத்திருக்கிறேன். தறி ஓடும் நேரத்தில் செல்போனில் ஊர் ஊராகத் தட்டிப் பார்ப்பேன். விமான நிலையம் இல்லாத ஊருக்கும் அது கணக்குச் சொல்லும். ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து, "ஏ சரோஜா, நம்ம ஊர்ல இருந்து கிருஷ்ணன்கோவிலுக்குப் பிளேன்ல போனா ஒன்னரை நிமிசம்தானாம்" என்றேன்.

என் மனைவி அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த ஒன்னரை நிமிசத் தூரத்துக்குத்தான் நீங்க மூணு மணி நேரம் லேட்டாப் போனீங்க" என்றாள்.

அவள் சொன்னது மீனாவின் பட்டமளிப்பு விழாவை. கிருஷ்ணன்கோவிலில்தான் படித்தாள். விழாவன்று காலை இரண்டு தறி ஒன்றாக மக்கர் செய்தது. இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று நான் போய்ச் சேர்ந்தபோது அரங்கத்தில் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு அங்கியைக் கழற்றாமல் கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்தாள் பெண். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல ப்பா" என்றாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் அதேதான், அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கும் அதேதான்.

இப்போது வளைகாப்பு. அங்கேயே அவள் வீட்டில், சனிக்கிழமை சரியாகப் பத்தரை மணிக்கு. "முடிஞ்சா அதுக்குள்ள வந்துருங்க ப்பா" என்று சொல்லியிருந்தாள். அந்த 'முடிஞ்சா' என்னைக் குத்தியது. உலகத்தின் அந்தக் கோடிக்குப் போவதாக இருந்தாலும் சரி, இந்த ஒரு தடவை மணி பத்தரை ஆவதற்குள் அவள் வாசலில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் சூலம் குறுக்கே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா, நாள்காட்டியைப் பார்க்காமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டாள். நாங்கள் கிளம்புவது வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது.

"நியூசிலாந்து கிழக்க கெடக்குக்கா" என்றேன்.

"யாருலே சொன்னா? படத்துல கீழ, ஓரத்துல, ஒட்டாமக் கெடக்கு. அது தெக்குதான்."

இணையதளத்தைக் காட்டினேன். கோடு கிழக்கே போய்த் தெற்கே இறங்கியது. "பாத்தியா, எறங்குதா இல்லையா?" என்று முடித்துவிட்டாள்.

அதற்குப் பரிகாரம் உண்டு. பரஸ்தானம் என்பார்கள். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முந்தின நல்ல நாளிலேயே பயணச் சாமான் ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றி, வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் போகும் வழியில் அதை எடுத்துக்கொண்டு போவோம். அப்படியே ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சரோஜா ஒரு பச்சைத் தோள்பையைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அக்கா அதன் கைப்பிடியில் மஞ்சள் துணியில் ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டினாளாம். பெண்கள் ஏற்பாடு, நமக்கென்ன என்று நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

வியாழன் காலை, தறிக்கூடத்து மேஸ்திரி கருப்பசாமியிடம் பத்தாவது முறையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எல்லாம் பையில பத்திரமா இருக்கு" என்றாள். வண்டியில் போனால் அவளுக்குக் குமட்டும். அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

டிரைவர் கேட்டார்: "அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள்ள போகவா, பைபாஸ்ல விடவா?"

"பைபாஸ்ல விடுங்க. இருவது நிமிசம் மிச்சம்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நேரத்தை மிச்சம் பிடித்த பெருமை எனக்கு. கிருஷ்ணன்கோவில் கல்லூரி வாசலைக் கடந்தபோதுகூட அந்தப் பக்கம் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே பார்த்தேன்.

மதுரைக்குப் பாதி வழியில், கல்லுப்பட்டியை நெருங்கும்போது அக்காவின் போன் வந்தது. "ஏலே, எங்க வாரீக? ஆப்பம் ஆறிக்கிட்டு இருக்கு."

"நாங்க கல்லுப்பட்டி வந்துட்டோம்க்கா. திரும்பி வரும்போது சாப்பிட்டுக்கிடுதோம்."

அக்கா நிதானமாகக் கேட்டாள்: "அப்போ எங்க வீட்டு அலமாரியில இருக்க பையி எப்படிலே பிளேன் ஏறும்?"

அதற்குள் சரோஜா விழித்துக்கொண்டாள். "மதினி வீடு வந்துருச்சா?" என்று வெளியே பார்த்தாள். நான் மெதுவாக, அந்தப் பையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"வளையலு, ரெண்டு சேலை, பாஸ்போர்ட்டு" என்றாள்.

"பாஸ்போர்ட்டா!"

"பயணத்துக்கு எது முக்கியமோ அதத்தான் வைக்கணும்னு மதினி சொன்னாவ. அதைவிட முக்கியமா என்ன இருக்கு?"

சாஸ்திரப்படி அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. என் கையிலிருந்த போனில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள்: "வண்டியத் திருப்பிக் கிருஷ்ணன்கோவிலுக்கு வாங்க! நான் பையோட வாரேன்!" எதில் வருவாள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

திரும்பினோம். மிச்சம் பிடித்த இருபது நிமிடம் எப்போதோ போய்விட்டது. இனிப் போவதெல்லாம் கையிருப்பு. நான் டிரைவரை விரட்டினேன். டிரைவர் லாரிகளை விரட்டினார். சரோஜா கண்ணை மூடி ஆண்டாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி வாசலில் இறங்கி நின்றேன். அக்கா ஆட்டோவில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டோ எதுவும் வரவில்லை. கல்லூரிப் பேருந்துகள்தான் வரிசையாக வந்தன.

மூன்றாவது பேருந்தின் முன் இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சைப் பை. சுற்றிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள். அவள் தெருமுனையில்தான் அந்தப் பேருந்து நிற்குமாம். எதிர்வீட்டுப் பெண் அதில் ஏறும்போது பின்னாலேயே இவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் இறங்கச் சொன்னதற்கு, "எங்க புள்ள உங்க காலேசுலதான் படிச்சா. அவ வளைகாப்பு நிக்கட்டுமா?" என்று கேட்டாளாம். அவர் வண்டியை எடுத்துவிட்டாராம்.

அக்கா இறங்கியதும் பேருந்து முழுக்க விசில். "அத்தை, பாஸ்போர்ட் பத்திரம்!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அத்தையாக இருந்தவள், பத்துக் கிலோமீட்டரில் அறுபது பேருக்கு அத்தையாகியிருந்தாள்.

பையை வாங்கக் கையை நீட்டினேன். அக்கா தரவில்லை. "அந்தா அந்த டீக்கடை பெஞ்சியில உக்காந்து, நான் கட்டிக்கொண்டாந்த ஆப்பத்துல ஆளுக்கு ஒன்னு தின்னுட்டுத்தான் எடுக்கணும். பையி இருந்த வீட்டுல வாய் நனைக்காமப் போகப்பிடாது."

"அக்கா, பிளேன்!"

"ஒங் கூப்பாட்டுலதான் நேரமாவுது. தின்னு."

அந்த ஆப்பத்தை நான் மென்றேனா, விழுங்கினேனா தெரியாது. தேங்காய்ப்பாலில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அக்கா எங்கள் இருவர் நெற்றியிலும் திருநீறு பூசினாள். பிறகு கல்லூரி வாசலைக் காட்டி, "இந்த எடத்துலதான அந்தப் புள்ள ஒனக்காக உக்காந்திருந்தா?" என்றாள். நான் தலையாட்டினேன். "ம். போ. திரும்பிப் பாக்காமப் போ."

பையோடு அரைக்கிலோ பால்கோவாவும் ஏறியிருந்தது. மீனாவுக்கு.

மதுரை விமான நிலையத்தில் எங்கள் வரிசையில் நாங்கள்தான் கடைசி. "இன்னும் அஞ்சு நிமிசம் ஆகியிருந்தா மூடியிருப்போம் சார்" என்றாள் அங்கிருந்த பெண். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு கல்லூரிப் பேருந்துக்கே நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் பகல் முழுக்கச் சிங்கப்பூர். நம் ஆட்கள் இருக்கும் கடைத்தெருவுக்குப் போய் இட்லி சாப்பிட்டோம். இட்லி நம் ஊரளவுக்கு மெத்தென்று இருந்தது. சாம்பார்தான் கேசரிக்குத் தம்பி மாதிரி இனித்தது. பரிமாறியவர் அருப்புக்கோட்டைக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதுமே, "நம்ம பக்கமா?" என்று கேட்டு, கேட்காமலே ஒரு வடை வைத்தார். ரோட்டில் ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அப்படி அரைமணி நேரம் இருந்தால் ஊரில் ஏதோ துக்கம் என்று கடையை அடைத்துவிடுவார்கள்.

அங்கே இருக்கும்போதுதான் கருப்பசாமி கூப்பிட்டான். "அண்ணாச்சி, நாலாம் நம்பர்த் தறி நின்னுபோச்சு." என் கால் தானாக எழுந்து நின்றது. சரோஜா போனை வாங்கிக்கொண்டாள். "கருப்பசாமி, அண்ணாச்சி சிங்கப்பூர்ல நிக்காவ. இங்க இருந்து கையை நீட்டுனா தறி எட்டாது. நீயே பாத்துக்கோ" என்று சொல்லி அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பத்து நிமிடம் கையில்லாதவன்போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஏற்கெனவே சூடு பட்டவன் என்பதால் நாலு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்குத் திரும்பினேன். அங்கே ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக டிரைவர் இல்லாத சின்ன ரயில் ஓடுகிறது. தப்பான பக்கம் ஏறிவிட்டோம். இறங்கி மறுபடி ஏறினோம். மறுபடியும் தப்பு. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த இளைஞன் எங்களுக்கு ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னான்: "இவர்களும் நம்மைப் போலவே தொலைந்துவிட்டார்கள், நீ பயப்படாதே என்கிறார்." நாலு பேருமாகச் சிரித்துக்கொண்டு மூன்றாவது தடவை சரியாகப் போய்ச் சேர்ந்தோம்.

ஆக்லாந்து விமானத்தில் என் பக்கத்தில் ஒரு நியூசிலாந்துக்காரர். கை ஒவ்வொன்றும் முறம் அகலம். முந்நூறு மாடு வைத்துப் பால் கறப்பவராம். என் தறிக்கூட ஆங்கிலமும் அவருடைய மாட்டுப்பண்ணை ஆங்கிலமும் நன்றாகவே ஒத்துப்போயின. இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பால் பொருள், செடி, விதை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தது. நான் பால்கோவாவை எடுத்துக் காட்டினேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதை உள்ளே விடமாட்டார்கள். எங்கள் மாடுகளுக்கு வெளியூர் நோய் வந்துவிடக் கூடாதே. அங்கே நான் நின்றாலும் விடமாட்டேன்" என்றார்.

சரோஜா டப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சிக்குக் கொண்டுபோறது. குப்பையிலயா போடச் சொல்லுதாரு?"

"வேற வழியில்ல. நாமளே சாப்பிட்டு முடிப்போம்" என்றேன்.

சரோஜா கண்ணைத் துடைத்தாள். "சரி, அவளுக்குச் சேத்து நான் தின்னுக்கிடுதேன்" என்று மூடியைத் திறந்தாள். காலைச் சாப்பாட்டோடு கொடுத்த கரண்டியால் பண்ணைக்காரருக்கும் ஒரு கரண்டி. வாயில் போட்டவர் இன்னொரு கரண்டிக்குக் கையை நீட்டினார். பிறகு எவ்வளவு பால், எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நேரம் என்று கேட்டார். சரோஜா எழுந்து நின்று, நடைபாதையில் ஒரு பெரிய சட்டி இருப்பதுபோலக் கையால் கிண்டிக் காட்டினாள். "எங்கள் ஊரில் பால் இருக்கிறது, இப்படி நின்று கிண்டத்தான் ஆளில்லை" என்றார் அவர். தரை தெரிவதற்குள் அரைக்கிலோவும் காலி.

இறங்கும்போது அங்கே சனிக்கிழமை காலை எட்டரை. வெளியே வந்துவிடலாம் என்று பார்த்தால், பச்சைப் பையை ஒரு அதிகாரி அம்மாள் தனியாக எடுத்துவைத்தார்.

"பால் பொருள் ஏதாவது உண்டா?"

"இருந்தது. இப்போது வயிற்றில் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சிரித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அதையே திருப்பிச் சொன்னார். ஆனால் கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் கிழங்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மண்ணில் விளைந்த பொருள். அது என்ன, எதற்கு என்று கேட்டார். சூலத்தையும் பரஸ்தானத்தையும் நான் ஆங்கிலத்தில் விளக்கிய விதத்தைச் சரோஜா இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் நடித்துக் காட்டுகிறாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "பை உங்களுக்கு முன்னால் கிளம்பியதா? என் பை எப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும்" என்றார். கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மஞ்சள் துணியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷி. ஆனால் மணி ஒன்பதரை ஆகியிருந்தது.

மாப்பிள்ளை அரவிந்த் வெளியே நின்றுகொண்டிருந்தார். வண்டியில் ஏறியதும், "எவ்வளவு நேரம் ஆகும் மாப்பிள்ளை?" என்றேன்.

"அரை மணி நேரம் மாமா" என்றவர், பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். அங்கேயே மூன்று காபி வாங்கினார். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் சம்பந்தி மாதிரி மரியாதை கொடுத்து நின்றார். எங்கும் பச்சைப் பசேலென்று மேடும் பள்ளமும். பிளவக்கல் அணைப்பக்கம் மழைக்குப் பிறகு இருக்குமே, அந்தப் பச்சை. ரசிக்க நான் எங்கே இருந்தேன்? "மாப்பிள்ளை, செத்த அழுத்துங்க" என்றேன். "டயம் இருக்கு மாமா" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் காபி ஆறவே இல்லை.

"மூணே முக்காலுதான ஆவுது, ஏன் பறக்கீக?" என்றாள் சரோஜா. அவள் கைக்கடிகாரம் இன்னும் ராஜபாளையத்திலேயே இருந்தது. ஆக்லாந்தில் பத்தேகால்.

அப்போது வண்டி வீட்டு வாசலில் நின்றது. பதினைந்து நிமிடம் முன்னதாக! பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

கூடத்தில் ஒருவரும் இல்லை. மடக்கு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள்.

அதே நாற்காலிகள், அதே சுவரோரம். பதினோராயிரம் கிலோமீட்டர் வந்தும் முடிந்த பிறகுதான் வந்திருக்கிறேன்.

உள்ளேயிருந்து மீனா வந்தாள். ஈரத் தலையில் துண்டு, மேலே கம்பளிச் சட்டை, கையில் பாதி தின்ற தோசை, முன்னால் அந்த அழகான வயிறு. என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"முடிஞ்சிருச்சாம்மா?" என்றேன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். வளைகாப்பு பன்னிரண்டு மணிக்காம். "ஒங்கப்பனுக்கு ஒன்னரை மணி நேரம் முன்னக்கூட்டியே சொல்லி வையி, அப்பதான் கரெக்டா வருவான்" என்று யோசனை சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தையாம். மாப்பிள்ளை நிதானமாகக் காபி வாங்கிய ரகசியம் அப்போதுதான் புரிந்தது. "நீங்க நெசமாவே பத்தரைக்கு வருவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லப்பா. தலைகூடத் துவட்டல" என்று என் தோளில் முகத்தை வைத்தாள். தோசை மணமும் ஷாம்பு மணமுமாக இருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"நீ போய்த் தலையத் துவட்டு. மெதுவா ரெடியாகு. நான் இருக்கேன்" என்றேன்.

அவளும் சரோஜாவும் வளையல்களோடு உள்ளே போனார்கள். நான் சுவரோரம் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தேன். வரிசைக்கு ஆறு, மொத்தம் நாலு வரிசை. பிறகு முதல் வரிசையில், நட்டநடுவில் ஒன்றில் உட்கார்ந்து, மடியில் பச்சைப் பையை வைத்துக்கொண்டு, என் மகளுக்காகக் காத்திருந்தேன்.